தருமபுரியின் கறைப் பற்களும் உலக சுகாதார முயற்சிகளும்



உலக சுகாதாரம் என்று சொன்னவுடன் நம் நினைவுக்கு வருவது என்ன? ஜெனீவாவில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் கட்டடம், போலியோ சொட்டு மருந்து, பெரியம்மை ஒழிப்பு, வெள்ளை உடையில் வெளிநாட்டு மருத்துவர்கள்... இப்படித்தான் பாடப்புத்தகங்களில் படித்திருக்கிறோம். ஆனால் உலக நாடுகள் சேர்ந்து எடுத்த சுகாதார முயற்சிகளின் வெற்றி, தோல்வி இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றால் ஜெனீவா வரை போக வேண்டியதில்லை. எங்கள் தருமபுரி மாவட்டத்து கிராமங்களில் முப்பது வயதைத் தாண்டிய சிலரைச் சிரிக்கச் சொல்லிப் பார்த்தால் போதும். பல்லில் தெரியும் பழுப்புக் கறையில் ஏறத்தாழ நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

அந்த வரலாற்றைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். இதில் அமெரிக்காவின் ஒரு பல் மருத்துவர் வருகிறார், சென்னை கிண்டியின் ஆய்வுக்கூடம் வருகிறது, யுனிசெப் நிறுவனத்தின் அடிபம்பு வருகிறது, கடைசியில் ஜப்பான் நாட்டுக் கடனும் காவிரித் தண்ணீரும் வருகின்றன.

நோய் என்ன?

புளோரைடு என்பது பாறைகளில் இயற்கையாகவே இருக்கும் ஒரு பொருள். தண்ணீரில் கரைந்தால் நிறம் கிடையாது, வாசனை கிடையாது. இந்த அளவில் நாக்குக்கும் தெரியாது. உப்புத் தண்ணீர் என்றால் குடித்தவுடன் தெரிந்துவிடும், கலங்கல் தண்ணீர் என்றால் கண்ணுக்குத் தெரியும். புளோரைடு தண்ணீர் பளிங்கு போல் தெளிவாக இருக்கும். அதுதான் அதன் ஆபத்து.

ஒரு லிட்டர் தண்ணீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இந்தியத் தர நிர்ணயம் 1 மில்லிகிராமே ஏற்றது என்கிறது. வேறு வழி இல்லாத இடத்தில் மட்டும் 1.5 வரை அனுமதிக்கிறது. வெயில் அதிகமுள்ள ஊர்களில் மக்கள் அதிகமாகத் தண்ணீர் குடிப்பார்கள், அதனால் உடலுக்குள் போகும் புளோரைடும் அதிகமாகும் என்பது இந்தக் கண்டிப்புக்கு ஒரு காரணம். வயல் வேலைக்குப் போகிறவர் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பார் என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர் ஊற்றிக் கிளறும் கேழ்வரகுக் களி, சோறு, குழம்பு என்று சமையல் வழியாகவும் அதே தண்ணீர்தான் உள்ளே போகிறது.

அளவு மீறிய தண்ணீரைக் குடித்து வளரும் குழந்தைகளுக்கு, பல் உருவாகும் பருவத்திலேயே அதன் எனாமல் கெட்டுவிடுகிறது. முதலில் சுண்ணாம்பு போல் வெள்ளைத் திட்டுகள் தெரியும், பிறகு மஞ்சள், பிறகு பழுப்பு. எட்டு வயதுக்குள் இந்தப் பாதிப்பு ஏற்பட்டுவிடுகிறது. அதன் பிறகு எந்தப் பற்பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாது. இது பல் புளோரோசிஸ். பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்தால் எலும்பிலும் படிகிறது. மூட்டு வலி, கழுத்தைத் திருப்ப முடியாமை, முதுகு விறைத்துப் போவது, முற்றிய நிலையில் நிமிர்ந்து நடக்கவே முடியாமல் கூன் விழுவது வரை போகும். இது எலும்பு புளோரோசிஸ். பழுதான பல்லையோ எலும்பையோ பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து கிடையாது. வராமல் தடுப்பது ஒன்றே வழி.

கொலராடோவிலிருந்து நெல்லூர் வரை

இந்த நோயின் காரணத்தை உலகம் கண்டுபிடித்த கதை சுவையானது. 1901-ஆம் ஆண்டு பிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு வந்தார். அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்கள் பழுப்பாக இருப்பதைக் கண்டு வியந்தார். தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று அவர் சந்தேகித்தார். ஆனால் அது என்ன என்று தெரிய 30 ஆண்டுகள் ஆயின. 1931-ல் அலுமினியம் நிறுவனம் ஒன்றின் வேதியியல் நிபுணரான சர்ச்சில் என்பவர்தான் அது புளோரைடு என்று சோதித்துச் சொன்னார்.

இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. குறைந்த அளவு புளோரைடு பல் சொத்தையைத் தடுக்கிறது என்று அதே ஆராய்ச்சிகளில் தெரிய வந்தது. 1945-ல் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் குடிநீரில் புளோரைடைச் சேர்க்கவே தொடங்கினார்கள். ஒரு நாட்டில் காசு கொடுத்துத் தண்ணீரில் கலக்கிறார்கள், இன்னொரு நாட்டில் அதை எப்படி எடுப்பது என்று தெரியாமல் தவிக்கிறார்கள்! அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இந்தியாவில் இந்த நோயைக் கண்டுபிடித்ததில் நம் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. சர்ச்சிலின் சோதனைக்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 1937-ல், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த ஷார்ட், சி.ஜி. பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஆய்வு செய்தார்கள். அங்கே குழந்தைகளுக்குக் கறைப் பல்லும் பெரியவர்களுக்கு முதுகு விறைப்பும் இருந்தன. இரண்டுக்கும் காரணம் கிணற்றுத் தண்ணீரில் உள்ள புளோரைடு என்று எழுதினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மாடுகளிடம் இந்த நோய் காணப்பட்டிருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1937-லேயே நம் மாகாணத்தில் இந்த நோயும் தெரியும், காரணமும் தெரியும். அப்படியானால் அடுத்த 70 ஆண்டுகளுக்கு மேல் தருமபுரி மக்கள் ஏன் அதே தண்ணீரைக் குடித்தார்கள்? இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான கேள்வி.

அடிபம்பு வந்த கதை

பதில் தெரிய வேண்டுமானால் அக்காலத்து கிராமங்களின் நிலையைப் பார்க்க வேண்டும். அன்று குடிநீர் என்றால் திறந்த கிணறு, குளம், ஏரி. அதே தண்ணீரில்தான் குளிப்பதும் மாடு கழுவுவதும். காலராவும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. படிக்கிணறுகளில் இறங்கித் தண்ணீர் எடுத்தவர்களுக்கு நரம்புச் சிலந்தி நோய் வந்தது. காலிலிருந்து நூல் போல் புழு வெளியே வரும் கொடுமையான நோய் அது. இன்றைய தலைமுறைக்குப் பெயர்கூடத் தெரியாது.

1948-ஆம் ஆண்டு ஏப்ரல் 7 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் நடைமுறைக்கு வந்தது. நோய் இல்லாமல் இருப்பது மட்டும் ஆரோக்கியம் ஆகாது, உடலும் மனமும் சமூக வாழ்வும் நன்றாக இருப்பதே ஆரோக்கியம் என்று அந்தச் சாசனம் சொன்னது. அதற்கு முதல் தேவை நல்ல தண்ணீர் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

1966-67-ல் வட இந்தியாவில், குறிப்பாக பீகாரில், கடும் வறட்சி வந்தது. கிணறுகள் வற்றின. அப்போது யுனிசெப் நிறுவனம் கருங்கல் பாறையையும் துளைக்கக்கூடிய நவீன ரிக் இயந்திரங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. கடப்பாரையும் வெடிமருந்தும் வைத்து மாதக்கணக்கில் கிணறு வெட்டிய நாட்டில், ஒன்றிரண்டு நாளில் நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்குத் துளை போட முடிந்தது ஒரு புரட்சியே. பின்னாளில் இந்தத் தொழிலில் நம் பக்கத்துத் திருச்செங்கோடு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் பேர் வாங்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

துளை போட்டால் போதாது, தண்ணீரை மேலே கொண்டுவர பம்பு வேண்டும். ஆரம்பத்தில் வைத்த வார்ப்பிரும்புப் பம்புகள் ஒரு குடும்பம் பயன்படுத்தச் செய்தவை. ஒரு ஊரே வரிசையில் நின்று அடித்தால் தாங்குமா? 1970-களின் நடுவில் கணக்கெடுத்தபோது பெரும்பாலான பம்புகள் பழுதாகிக் கிடந்தன. மகாராஷ்டிராவின் சோலாப்பூரில் உருவான உறுதியான பம்பு ஒன்றை அடிப்படையாக வைத்து யுனிசெப்பும் இந்தியப் பொறியாளர்களும் புதிய பம்பை வடிவமைத்தார்கள். அதுதான் 'இந்தியா மார்க் 2'. சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் தொழிற்சாலை இதைச் செய்தது. கோயம்புத்தூர் பகுதியில் ஆழமான கிணறுகளில் பொருத்திச் சோதித்தார்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமும் இதில் பங்கெடுத்தது. கிராமத்தில் ஒரு பொறுப்பாளர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் ஒரு வாகனக் குழு என்ற மூன்றடுக்குப் பராமரிப்பு முறையும் தமிழ்நாட்டில் வளர்ந்ததே. பிறகு இந்தப் பம்பு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் போனது. நாம் தெருமுனையில் 'டக் டக்' என்று அடித்த அந்தப் பம்பு உலகப் புகழ் பெற்றது என்பது பலருக்குத் தெரியாத செய்தி!

1977-ல் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா நகரில் ஐ.நா. சபையின் தண்ணீர் மாநாடு நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1981 முதல் 1990 வரையிலான ஆண்டுகள் 'சர்வதேச குடிநீர் மற்றும் சுகாதாரப் பத்தாண்டு' என்று அறிவிக்கப்பட்டன. அந்தப் பத்தாண்டில் இந்திய கிராமங்களில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. இந்த முயற்சியால் கிடைத்த நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பாறைக்கு அடியிலிருந்து மூடிய குழாய் வழியாக வரும் தண்ணீரில் காலராக் கிருமிக்கு இடம் குறைவு. நரம்புச் சிலந்தி நோயின் கடைசி நோயாளி இந்தியாவில் 1996-ல் பதிவானார். 2000-ஆம் ஆண்டில் இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்றிதழ் பெற்றது. எத்தனையோ குழந்தைகள் இந்தப் பம்பினால் உயிர் பிழைத்தார்கள்.

பாறையின் கணக்கு

ஆனால் தருமபுரியின் பாறைக்கு வேறு கணக்கு இருந்தது.

1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது தருமபுரி மாவட்டம். இப்போதைய கிருஷ்ணகிரியும் 2004 பிப்ரவரி வரை இதனுடன்தான் இருந்தது. இங்கே நிலத்துக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் பழமையான கடினப் பாறை. இந்தப் பாறைகளில் உள்ள சில கனிமங்களில் புளோரைடு இருக்கிறது. மழைநீர் பாறை வெடிப்புகளில் இறங்கி நெடுங்காலம் தங்கும்போது அது மெல்ல மெல்லக் கரைகிறது. சுண்ணாம்புச் சத்து குறைவாகவும் சோடா உப்பு அதிகமாகவும் உள்ள நீரில் இன்னும் அதிகமாகக் கரைகிறது. மழை குறைந்து நீர்மட்டம் இறங்க இறங்க, இன்னும் ஆழமாகத் துளை போடுகிறோம். அங்கே கிடைப்பது பாறையோடு இன்னும் அதிக காலம் உறவாடிய தண்ணீர். எல்லா போர் தண்ணீரும் கெட்டது என்று சொல்ல முடியாது. ஒரே ஊரில் ஒரு போரில் நல்ல தண்ணீரும் பக்கத்துப் போரில் புளோரைடு தண்ணீரும் வரும். சோதித்தால் மட்டுமே தெரியும்.

ஆனால் யார் சோதித்தார்கள்? அந்தக் காலத்தில் 'பாதுகாப்பான தண்ணீர்' என்பதற்கு நடைமுறையில் இருந்த பொருள் கிருமி இல்லாத தண்ணீர். ஒரு ஊரில் பம்பு இருந்தால் அந்த ஊருக்கு நல்ல தண்ணீர் கிடைத்துவிட்டது என்று கணக்கில் ஏறிவிடும். எத்தனை பம்பு, எத்தனை பேருக்கு ஒரு பம்பு, எத்தனை நாள் பழுதில்லாமல் ஓடியது என்றெல்லாம் எண்ணினார்கள். அந்தத் தண்ணீருக்குள் என்ன கரைந்திருக்கிறது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. நோய் 1937-லேயே தெரிந்திருந்தும் எங்கள் மக்கள் குடித்ததற்குக் காரணம் இதுதான். அறிவு ஆய்வுக்கூடத்தில் இருந்தது, கணக்குப் புத்தகத்தில் இல்லை.

இது தருமபுரியில் மட்டும் நடந்த பிழை என்று நினைக்க வேண்டாம். வங்கதேசத்தில் இதைவிடப் பெரிய அளவில் நடந்தது. அங்கேயும் காலராவிலிருந்து காப்பாற்ற 1970-களிலிருந்து யுனிசெப் உதவியுடன் லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். 1993-ல் அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் என்ற நச்சுப் பொருள் இருப்பது உறுதியானது. கோடிக்கணக்கான மக்கள் அதைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நல்லது செய்ய வந்தவர்களின் எண்ணத்தில் குறையில்லை. அளக்காமல் விட்ட ஒன்றுதான் குறை.

2000-ஆம் ஆண்டின் 'புத்தாயிரம் வளர்ச்சி இலக்கு'களிலும் இதே குறை தொடர்ந்தது. 'மேம்படுத்தப்பட்ட நீராதாரம்' உள்ளவர்களின் எண்ணிக்கையை உயர்த்த வேண்டும் என்பது இலக்கு. அடிபம்பும் போர்க் கிணறும் அந்தப் பட்டியலில் உண்டு. இலக்கைக் குறித்த காலத்துக்கு முன்பே எட்டிவிட்டோம் என்று 2012-ல் ஐ.நா. அறிவித்தது. அந்தக் கணக்கில் புளோரைடு தண்ணீர் தரும் பம்பும் வெற்றியாகத்தான் சேர்ந்தது. 2015-ல் வந்த 'நீடித்த வளர்ச்சி இலக்கு'களில்தான் இது திருத்தப்பட்டது. இப்போது ஒரு குடிநீர் 'பாதுகாப்பாக நிர்வகிக்கப்படுவது' என்று எண்ணப்பட வேண்டுமானால் வீட்டிலேயே கிடைக்க வேண்டும், தேவையான நேரத்தில் கிடைக்க வேண்டும், மலக் கிருமிகள் இருக்கக் கூடாது. ஆர்சனிக், புளோரைடு போன்ற முக்கிய வேதிப்பொருட்களும் அளவை மீறக் கூடாது.

வடிகட்டிப் பார்த்த காலம்

இடையில் யாருமே ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயமில்லை. 1970-களில் நாக்பூரில் உள்ள நீரி ஆய்வு நிறுவனம் 'நல்கொண்டா முறை' என்ற ஒன்றை உருவாக்கியது. நல்கொண்டா இன்று தெலங்கானாவில் இருக்கும், புளோரோசிஸால் பெரிதும் பாதிக்கப்பட்ட மாவட்டம். தண்ணீரில் படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கித் தெளியவிட்டால் புளோரைடின் ஒரு பகுதி அடியில் படிந்துவிடும். செலவு குறைவு. பிறகு அலுமினா என்ற பொருளை வைத்து வடிகட்டும் கருவிகளும் வந்தன. இவற்றை யுனிசெப் ஆதரித்தது.

ஆய்வுக்கூடத்தில் இரண்டும் நன்றாகவே வேலை செய்தன. கிராமத்தில் நிற்கவில்லை. ஏன்? படிகாரத்தின் அளவு தண்ணீருக்குத் தண்ணீர் மாறும். அடியில் தங்கும் கசடை எங்கே கொட்டுவது? அலுமினாவைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அமிலமும் காரமும் விட்டுக் கழுவ வேண்டும், யார் கழுவுவது? காலையில் நான்கு மணிக்கு எழுந்து களத்துமேட்டுக்குப் போகும் ஒரு தாய், கண்ணுக்குத் தெரியாத, இன்றைக்கு வலிக்காத ஒரு நோய்க்காகத் தினமும் இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது எளிது, நடப்பது கடினம். கொதிக்க வைத்தால் போதும் என்று நம்பியவர்களும் உண்டு. உண்மையில் கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகிக் குறையும், புளோரைடு அப்படியே இருக்கும்.

ஆக, வேறு நல்ல தண்ணீரைக் கொண்டுவருவதே நிலையான வழி என்று ஆனது.

காவிரி அருகிலிருந்தும்...

தருமபுரிக்கு ஒரு வினோதமான நிலைமை. காவிரி தமிழ்நாட்டுக்குள் வருவதே எங்கள் மாவட்டத்து எல்லை வழியாகத்தான். ஒகேனக்கல் அருவியைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். ஆனால் ஆறு பள்ளத்தில் ஓடுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் மேட்டில் இருக்கின்றன. ஆறு மேட்டூர் அணைக்குப் போய் டெல்டாவை வளமாக்கியது. கரைக்குப் பக்கத்து மாவட்டம் போர் தண்ணீரைக் குடித்தது.

இந்தத் தண்ணீரை மேலேற்ற வேண்டும் என்ற கோரிக்கை பல்லாண்டு காலம் இருந்தது. 1998-ல் மத்திய அரசின் முன்னிலையில், ஆண்டுக்கு 1.4 டி.எம்.சி. தண்ணீரைக் குடிநீருக்காக எடுக்கத் தடையில்லை என்ற உடன்பாடு ஏற்பட்டது. ஆனால் பணம்? ஒரு மாநில அரசு ஒரே மூச்சில் போடக்கூடிய தொகை அல்ல. இங்கேதான் ஜப்பான் வருகிறது. ஜப்பான் சர்வதேச கூட்டுறவு வங்கி கடன் தர முன்வந்தது. 2008 அக்டோபரில் அந்த வங்கியின் வெளிநாட்டு உதவிப் பிரிவு ஜைகா நிறுவனத்துடன் இணைந்தது. அதனால்தான் இன்று எல்லோரும் ஜைகா திட்டம் என்கிறார்கள்.

ஜப்பானுக்கும் இந்தக் கறைப் பல் புதிதல்ல என்பது குறிப்பிடத்தக்கது. அங்கே தகராசுகா நகரில் 1970-களில் குழந்தைகளின் பல்லில் இதே கறை தெரிந்து, குடிநீர் பற்றிய பெரிய சர்ச்சையே நடந்தது.

2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 26 அன்று அன்றைய முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். உடனே கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. பேருந்துகள் நின்றன, சென்னையில் திரைப்பட நடிகர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கர்நாடகத் தேர்தல் முடியும்வரை திட்டம் தள்ளி வைக்கப்பட்டது. அந்த நாட்களின் செய்திகளைப் புரட்டினால் மாநில உரிமை, எல்லை, ஆறு என்று பக்கம் பக்கமாக இருக்கும். புளோரோசிஸ் என்ற சொல்லைத் தேடித்தான் எடுக்க வேண்டும். திட்டத்தின் பெயரே 'ஒகேனக்கல் குடிநீர் வழங்கல் மற்றும் புளோரோசிஸ் பாதிப்பு குறைப்புத் திட்டம்' என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

பிறகு வேலைகள் தொடர்ந்தன. 1,928 கோடி ரூபாய்த் திட்டம். ஆற்றிலிருந்து தண்ணீரை எடுத்து, யானைப்பள்ளத்தில் சுத்திகரித்து, பம்பு வைத்து மேட்டுக்கு ஏற்றி, அங்கிருந்து குழாய்கள் வழியாக இரண்டு மாவட்டங்களுக்கும் அனுப்ப வேண்டும். 3 நகராட்சிகள், 17 பேரூராட்சிகள், 18 ஊராட்சி ஒன்றியங்களில் 6,700-க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் இதில் அடங்கும். 2013-ஆம் ஆண்டு மே 29 அன்று, ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது, திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு ஆட்சியில் அடிக்கல், அடுத்த ஆட்சியில் திறப்பு. கட்சி மாறினாலும் திட்டம் நிற்காமல் போனது நமக்கு நல்லதே.

இந்தத் திட்டத்தில் என்னைக் கவர்ந்த விஷயம் ஒன்று உண்டு. குழாய் போடுவதோடு நிற்காமல், நோயைக் குறைப்பதையும் ஒரு தனி வேலையாக எழுதி வைத்தார்கள். பள்ளிகளில் விழிப்புணர்வு, பாதிப்பைக் கண்டறிவது போன்றவை திட்டத்துக்கு உள்ளேயே வந்தன. அடிபம்புக் காலத்தில் விட்டுப்போன கணக்கு இங்கே முதல் பக்கத்துக்கு வந்தது.

இது தர்மமா, கடனா?

சில நண்பர்கள் 'ஜப்பான்காரன் இலவசமாகக் கொடுத்தான்' என்று நினைக்கிறார்கள். இது இனாம் அல்ல, கடன். வட்டி குறைவு, திருப்பிச் செலுத்தும் காலம் நீளம். ஆனாலும் திருப்பித் தர வேண்டிய பணம், நம் வரியிலிருந்து போகும் பணம். ஆகவே கேள்வி கேட்கும் உரிமை நமக்கு முழுமையாக உண்டு. குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்பதோடு, எந்தத் தண்ணீர் வருகிறது என்றும் கேட்க வேண்டும்.

ஏன் என்றால், கோடைக் காலத்திலும் குழாய் உடைப்பு ஏற்படும்போதும் ஒகேனக்கல் தண்ணீர் குறையும். அப்போது மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் கலந்து விடுகிறார்கள் என்ற செய்திகள் பலமுறை வந்துள்ளன. குழாயும் அதேதான், குடமும் அதேதான். பல்லும் எலும்பும் மட்டும் வித்தியாசத்தைக் கண்டுகொள்ளும். மக்கள்தொகை வளர்ந்துவிட்டது, ஓசூர் தொழில் நகரமாகி மாநகராட்சியும் ஆகிவிட்டது. இதனால்தான் திட்டத்தின் அடுத்த கட்டம் பற்றி அரசு அறிவித்திருக்கிறது.

மத்திய அரசின் தேசிய புளோரோசிஸ் தடுப்புத் திட்டம் 2008-09-ல் தொடங்கி, பிறகு தருமபுரியையும் சேர்த்துக்கொண்டது. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமப் பெண்களுக்கே தண்ணீர் சோதனைப் பெட்டி கொடுத்துப் பயிற்சி தருகிறார்கள். மருந்தை ஊற்றினால் நிறம் மாறும், அட்டையோடு ஒப்பிட்டு அளவைச் சொல்லிவிடலாம். 1937-ல் கிண்டியில் இருந்த அறிவு கிராமத்துக்கு வந்து சேர 80 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன!

நாம் கற்க வேண்டியது

கறைப் பல் ஒரு பெரிய நோயா என்று சிலர் கேட்கலாம். உயிர் போகாதுதான். ஆனால் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கும் பெண்ணையும், வேலைக்கான நேர்முகத் தேர்வில் வாயைத் திறக்கத் தயங்கும் பையனையும் கேட்டால் வேறு பதில் வரும். 1948-ன் சாசனம் சொன்ன 'சமூக நலம்' என்பது இதுதானே? பல் கறைக்குப் பின்னால் எலும்பும் காத்திருக்கிறது என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

இந்த வரலாற்றிலிருந்து எனக்குத் தோன்றுவது இதுதான். உலக நாடுகளின் உதவி வரும்போது அதைக் கும்பிடவும் வேண்டாம், சந்தேகித்து ஒதுக்கவும் வேண்டாம். அது எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். அடிபம்பு கிருமியை அளந்தது, கிருமியை வென்றது. புளோரைடை அளக்கவில்லை, அது நம் வாயில் தங்கிவிட்டது. ஒகேனக்கல் திட்டம் புளோரைடை அளந்தது. அதன் வெற்றியும் அந்த அளவு தொடர்கிறதா என்பதில்தான் இருக்கிறது.

2013-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு இப்போது நிரந்தரப் பற்கள் முளைத்து வருகின்றன. அந்தப் பற்கள்தான் இந்தத் திட்டத்துக்கான உண்மையான தேர்வு முடிவு. எந்த ஊர்களில் வெள்ளையாக முளைக்கின்றன, எந்த ஊர்களில் இன்னும் கறையோடு முளைக்கின்றன என்று பள்ளி பள்ளியாகப் பார்த்து எழுதி வைத்தால், எங்கே நல்ல தண்ணீர் போகவில்லை என்பது தானாகவே தெரிந்துவிடும். அதற்கு ஜெனீவாவும் வேண்டாம், டோக்கியோவும் வேண்டாம்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ இன்னும் போர் தண்ணீரைக் குடிக்கிறீர்களா? குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கொடுத்து ஒருமுறை புளோரைடு அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள். எட்டு வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீடு என்றால் தள்ளிப் போடாதீர்கள். ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் அதைக் குடிக்கவும் சமைக்கவும் தனியே பிடித்து வையுங்கள். போர் தண்ணீர் குளிக்க, துவைக்க, மாட்டுக் கொட்டகை கழுவ இருக்கட்டும். பாலும் கீரையும் நெல்லிக்காயும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சி-யும் உள்ள உணவு பாதிப்பைக் குறைக்க உதவும்.

தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் நம்பிவிடாதீர்கள். தருமபுரி நமக்குச் சொல்லும் பாடம் அதுவே.